ஒன்பதாம் விதியும் ஒரு ரப்பர் முத்திரையும்

அந்த முத்திரையைச் செய்து வாங்கியது நான்தான். யாரும் சொல்லிச் செய்யவில்லை. என் மணிக்கட்டு சொல்லிச் செய்தேன்.

குடிநீர் வழங்கல் துறையின் தலைமை அலுவலகத்தில், மூன்றாவது மாடியில், நான் கண்காணிப்பாளர். முப்பத்திரண்டு வருட சர்வீஸ். ஓய்வுக்கு இன்னும் பதினொரு மாதம். ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு சுற்றறிக்கை வந்தது. எந்தத் துறை விதி போட்டாலும் ஆணை போட்டாலும், அதனால் ஆணுக்கு ஒரு விளைவு, பெண்ணுக்கு ஒரு விளைவு என்று வருமா என ஒருவர் முன்கூட்டியே ஆராய்ந்து குறிப்பு எழுத வேண்டும். குறிப்பு இல்லாத விதி செல்லாது. அதற்குப் பாலினத் தாக்கக் குறிப்பு என்று பெயர். எழுதுகிறவருக்குப் பாலினச் சமத்துவ அலுவலர் என்று பெயர். பெயரெல்லாம் நன்றாகத்தான் வைப்பார்கள்.

"பொம்பளைங்க விஷயம்தானே மேடம், நீங்களே பாத்துக்குங்க" என்று அப்போதிருந்த இயக்குநர் அதை என் தலையில் கட்டினார். என் நிலையில் மூன்று பெண்கள் இருந்தோம். ஒருத்தி நீண்ட விடுப்பில். இன்னொருத்தி மாற்றல் வாங்கி மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். மிச்சம் நான். ஏற்கெனவே பார்த்த வேலையில் ஒரு தாள் குறையவில்லை. ஒரு நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு ஃபைல், ஒரு பேனா, கடைசியில் ஒரு குரூப் போட்டோ. போட்டோவில் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கே சகுனம் தெரிந்திருக்க வேண்டும்.

முதல் வருடம் படித்தேன். சத்தியமாகப் படித்தேன். மீட்டர் அளவெடுக்கப் போகிறவர்கள் காலை ஐந்தரைக்கே டிப்போவில் இருக்க வேண்டும் என்று ஒரு விதி வந்தது. அந்த நேரத்தில் பஸ் கிடையாது, தெருவிளக்கு பாதி எரியாது, ஒன்பது பெண்கள் எப்படி வருவார்கள் என்று இரண்டு பக்கம் எழுதினேன். 'கலந்து பேசவும்' என்று கோப்பு திரும்பி வந்தது. யாரோடு என்று எழுதவில்லை. நான்கு அறை ஏறி இறங்கிக் கலந்து பேசினேன். ஐந்தரை ஐந்தரையாகவே இருந்தது. இப்படி நாலு கோப்பு. ஐந்தாவது தடவை துணை இயக்குநர் கூப்பிட்டு, "ஒரு வரி போதும் மேடம், எதுக்கு உடம்பைக் கெடுத்துக்கறீங்க?" என்றார்.

துணை இயக்குநருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் காற்புள்ளி. எந்த வரைவு போனாலும் எங்கேயாவது ஒரு காற்புள்ளி போட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். பார்த்தேன் என்பதற்கு அது சாட்சி. கெட்டவர் இல்லை. யாரையும் திட்ட மாட்டார், யாருக்காகவும் பேசவும் மாட்டார்.

ஒரு வரி ஒரு சொல்லாயிற்று. ஓடாத ஜீப்பை ஏலம் விடும் ஆணைக்குக்கூடக் குறிப்பு கேட்டார்கள். தொட்டி மூடிக்கு என்ன நிறம் அடிப்பது என்பதற்கும் கேட்டார்கள். 'பாலினத் தாக்கம்: இல்லை' என்று ஒரே நாளில் நாற்பது தடவை எழுதிக் கை வீங்கிய சாயங்காலம், எதிர்த் தெருவில் முத்திரை செய்கிறவரிடம் போனேன். அவர் வாசகத்தைப் படித்துப் பார்த்தார்.

"ஒண்ணுதானா மேடம்? 'உண்டு'ன்னு இன்னொண்ணும் சேத்துப் பண்ணிக்குங்களேன். ரெண்டா எடுத்தா விலை கொறையும்."

"அது தேவைப்படாது" என்றேன். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் என்னையே ஒரு அறை விடலாம் போலிருக்கிறது.

இரண்டாவது வாரம் முத்திரை கீழே விழுந்து 'லை'யில் ஒரு ஓரம் உடைந்தது. அதனால் என்ன, படிக்கவா போகிறார்கள் என்று அப்படியே வைத்துக்கொண்டேன்.

*

போன மாதம் பத்தொன்பதாம் தேதி, மத்தியானச் சாப்பாட்டு டப்பாவைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தபோது, என் மேஜைக்கு முன்னால் ஒரு பெண் நின்றிருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். காக்கிச் சட்டை, நகக்கண்ணில் கிரீஸ். கிழக்கு நீரேற்று நிலையத்தின் பம்ப் ஆபரேட்டர் என்று சொன்னாள். துறையில் இருக்கிற ஒரே பெண் ஆபரேட்டர். பார்த்ததில்லையே தவிர கேள்விப்பட்டிருக்கிறேன். மோட்டாரம்மா என்பார்கள். மோட்டார் ஓடும் சத்தத்தைக் கேட்டே எந்த பேரிங் போகப்போகிறது என்று சொல்லிவிடுவாளாம்.

கையில் ஒரு தாள் வைத்திருந்தாள். "தகுதி வாய்ந்த அலுவலர் யாருன்னு கேட்டேன் மேடம். மூணாவது மாடின்னு சொன்னாங்க."

நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். அப்படி யாராவது இருந்தால் எனக்கும் பார்க்க ஆசைதான்.

தாளை நீட்டினாள். மேற்பார்வையாளர் பதவி உயர்வுக்கான பட்டியலில் தன் பெயர் விடுபட்டது பற்றி அவள் மனு கொடுத்திருக்கிறாள். அதற்கு வந்த பதில் அது. காற்புள்ளி கையெழுத்து. மூன்றாவது பத்தியை விரலால் காட்டினாள். 'புதிய பதவி உயர்வு விதிகளின் ஒன்பதாம் விதி, பாலினத் தாக்கம் குறித்துத் தகுதி வாய்ந்த அலுவலரால் ஆராயப்பட்டு, தாக்கம் ஏதும் இல்லை எனச் சான்றளிக்கப்பட்டுள்ளது. எனவே, மனுதாரரின் கோரிக்கை ஏற்கத்தக்கதல்ல.'

"எனக்குப் பதினோரு வருஷம் சர்வீஸ்" என்றாள். "லிஸ்ட்ல ஆறு பேர் இருக்காங்க. அதுல மூணு பேருக்கு வேலை கத்துக்குடுத்ததே நான்தான். கேட்டா, நடுவுல ஆறு மாசம் பிரேக் ஆயிடுச்சுங்கறாங்க. பிரசவத்துக்குப் போனது மேடம். வேற எங்கயும் போகல."

"அப்படியா?" என்றேன்.

"வீட்டுக்காரர் லாரி ஓட்டறார். வாரத்துல நாலு நாள் வெளியூர். எனக்கு ஷிப்ட்டு. ராத்திரி ஷிப்ட்டு வந்தா பிள்ளைய பக்கத்து வீட்ல தூங்க வெச்சுட்டுப் போறேன். அவங்களும் எத்தனை நாளைக்குப் பாப்பாங்க? இப்பல்லாம் கதவு தொறக்கும்போதே மொகம் ஒரு மாதிரி இருக்கு. சூப்பர்வைசர் ஆயிட்டா பகல் டியூட்டி. இந்தத் தடவை விட்டா அடுத்த லிஸ்ட்டு நாலு வருஷம் கழிச்சுதான். அதான் கேக்க வந்தேன். நீங்க என்ன ஆராஞ்சீங்கன்னு சொன்னா, நானும் தெரிஞ்சுக்குவேன்."

குரலில் குத்தல் இல்லை. அதுதான் என்னைக் குத்தியது. கேள்வியை அவள் நிஜமாகவே கேட்டாள். நான் ஏதோ ஆராய்ந்திருப்பேன், அதில் தனக்குத் தெரியாத நியாயம் ஏதாவது இருக்கும் என்று நம்பி வந்திருந்தாள்.

"ஃபைல் பாக்கணும்மா. நாளைக்கு வாங்களேன்."

"ஷிப்ட்டு மாத்திட்டு வந்தேன் மேடம். நாளைக்கு முடியாது. இருபத்தெட்டாம் தேதி லிஸ்ட்டு போட்டுருவாங்க." போன் நம்பரை ஒரு துண்டுத்தாளில் எழுதி, பறக்காமல் இருக்க அதன்மேல் எதையோ எடுத்து வைத்தாள். எடுத்து வைத்தது அந்த முத்திரையை. அவளுக்கு அது என்னவென்று தெரியாது.

*

ஆவண அறை கீழ்த்தளத்தில் இருக்கிறது. முட்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். கோப்பைத் தேட அரைமணி நேரம் ஆயிற்று. முப்பத்தோராம் பக்கத்தில் என் முத்திரை, நீல மையில், கோணாமல், அழகாக. கீழே என் சுருக்கொப்பம். தேதியைப் பதிவேட்டில் ஒத்துப் பார்த்தேன். விதிகளை நிறைவேற்றும் குழுக் கூட்டத்துக்கு முந்தின நாள். அன்றைக்கு மட்டும் ஐம்பத்தேழு கோப்பு.

ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒன்றரை வருடம் கழித்து, ஒன்பதாம் விதியை முதல்முறையாகப் படித்தேன். தேர்வு நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டுகள் இடைவெளி இல்லாமல் பணியாற்றியிருக்க வேண்டும். முப்பது நாளுக்கு மேற்பட்ட எந்த விடுப்பும் இடைவெளி. துறைப் பயிற்சி, தேர்தல் பணி, விளையாட்டுப் போட்டி ஆகியவை மட்டும் விலக்கு.

விளையாட்டுப் போட்டி! எங்கள் துறைக்கு ஒரு வாலிபால் டீம் உண்டு. வருஷா வருஷம் நாற்பது நாள் ஊர் ஊராகப் போய்த் தோற்றுவிட்டு வருவார்கள். பந்தடிக்கப் போனவனுக்கு சர்வீஸ் அறுந்துபோகாது, பிள்ளை பெறப் போனவளுக்கு அறுந்துபோகும். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். கண் இருந்தால் போதும். படிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, கடிகாரத்தைப் பார்த்தேன்.

என்மேலேயே எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. அது நின்று எரியக்கூடத் தெம்பில்லை. அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். முப்பத்திரண்டு வருடத்தில் ஒரு பைசா கைநீட்டி வாங்கியதில்லை, ஒரு நாள் லேட்டாக வந்ததில்லை என்று எனக்கு ஒரு கர்வம் உண்டு. நேரத்துக்கு வந்து உட்கார்ந்து இதைத்தான் செய்துகொண்டிருந்திருக்கிறேன்.

மேலே வந்து பதிவேட்டைப் புரட்டினேன். ஆறு வருடத்தில் அறுநூற்றுப் பதினொரு கோப்பு. அதில் படித்தவை எத்தனை என்று நினைவிருக்கிற வரைக்கும் எண்ணினேன். ஒரு கை விரல் தாண்டி இன்னொரு கையில் பாதியில் நின்றுவிட்டது.

*

வீட்டில் என் கணவர் முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். முட்டிவலி எங்கள் இருவருக்கும் பொதுச் சொத்து. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பகலில் சண்டை போட ஆளில்லாமல் நான்கு வருடமாகத் தவிக்கிறார். என் ஓய்வுத் தேதியைக் காலண்டரில் வட்டமிட்டு, மாதம் முடிய முடிய ஒரு கோடு அடித்துவருகிறார். அன்று நடந்ததைச் சொன்னேன்.

"இவ்வளவுதானா? நான் முப்பத்தஞ்சு வருஷம் டிக்கெட் கிழிச்சேன். ஒரு டிக்கெட்டையாவது படிச்சிருப்பேனா?"

"உங்க டிக்கெட்டை வாங்கினவங்க எறங்க வேண்டிய எடத்துல எறங்கினாங்க" என்றேன்.

தைலப் புட்டியை மூடினார்.

"இப்ப என்ன பண்ணப் போற?"

"படிக்காமத்தான் குத்தினேன்னு எழுதிக் குடுக்கலாம்னு இருக்கேன்."

"எழுதினா?"

"அந்தப் பொண்ணு பேர் இல்லாத லிஸ்ட்டை நிறுத்திடுவாங்க. எனக்கு மெமோ வரும். விசாரணை முடியாம இருந்தா, ரிட்டயர் ஆகற அன்னிக்கு மாலை போட்டு அனுப்புவாங்க, பென்ஷன் வராது. எத்தனை வருஷம் இழுக்கும்னு சொல்ல முடியாது."

அவர் காலண்டரைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க அவர் படும் பாட்டை நான் பார்த்தேன்.

"முடிவு பண்ணிட்டுத்தானே சொல்ற? அப்பறம் என்னை எதுக்குக் கேக்கற?"

"திட்டுவீங்களோன்னு."

"திட்டினா நிறுத்தவா போற?" என்றவர், எழுந்து போய் அடுப்பில் டீ வைத்தார். அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். இரண்டு நாள் வேறு எதைப் பற்றியும் அவர் என்னோடு சண்டை போடவில்லை. வீடே வேற்று வீடாக இருந்தது.

*

இருபத்திரண்டாம் தேதி குறிப்பை எழுதிக்கொண்டு காற்புள்ளியின் அறைக்குப் போனேன். மூன்றே வரி. 'பதவி உயர்வு விதிகள் கோப்பை நான் படிக்கவில்லை. பாதிக்கப்படக்கூடிய யாரையும் கேட்கவில்லை. முப்பத்தோராம் பக்கத்தில் இருப்பது ஆய்வு அல்ல, முத்திரை மட்டுமே.'

அவர் படித்தார். மறுபடி படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"மேடம், இதை எழுதினா என்ன ஆகும்னு தெரியுமா?"

"தெரியும் சார். விதி நிக்காது."

"விதி மட்டுமா? நீங்களும் நிக்க மாட்டீங்க." குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு பண்ணுங்க. 'பணி மிகுதியால் கவனத்திலிருந்து விடுபட்டது'ன்னு எழுதுங்க. யாருக்கும் வலிக்காது. அடுத்த திருத்தத்துல பிரசவ லீவைச் சேத்துடலாம். நானே வரைவு போடறேன்."

"விடுபட்டதுன்னா அடுத்த தடவைதான் சேப்பீங்க. இந்த லிஸ்ட்டு அப்படியே போயிடும். படிக்கவே இல்லைன்னா குறிப்பே இல்லை. குறிப்பே இல்லைன்னா ஒன்பதாம் விதியே இல்லை. சுற்றறிக்கையில அப்படித்தானே இருக்கு?"

அது அவருக்கும் தெரியும். சட்டம் அவருக்கு என்னைவிட நன்றாகவே தெரியும்.

"அப்ப மத்த ஃபைலெல்லாம்? அறுநூறு இருக்குமா? ஒவ்வொருத்தனா கெளம்பி வந்து, இதையும் படிச்சீங்களான்னு கேப்பான்."

"கேக்கட்டும் சார். கேட்டா சொல்றேன்."

"இன்னும் பதினோரு மாசம். கண்ணை மூடித் தொறந்தா போயிடும்."

"ஆறு வருஷம் மூடியாச்சு சார்" என்றேன்.

நாற்காலியில் சாய்ந்தார். அவர் முகத்திலும் என் முகத்தில் இருந்த அதே களைப்புதான். எத்தனை காற்புள்ளி போட்டிருப்பார் பாவம். கோப்பை என் பக்கம் தள்ளி, தள்ளியதைத் திரும்ப இழுத்து, 'இயக்குநரின் பார்வைக்கு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். என் மூன்று வரியில் ஒரு காற்புள்ளிகூடப் போடவில்லை. அதைத் தொடவே அவருக்கு விருப்பமில்லை என்று புரிந்துகொண்டேன்.

வேலை மளமளவென்று நடந்தது. எங்கள் அலுவலகத்தில் ஒருவரைக் கைகழுவ வேண்டுமென்றால் மட்டும் கோப்பு பறக்கும். இருபத்தாறாம் தேதி பட்டியலை நிறுத்திவைத்து ஆணை வந்தது. ஒன்பதாம் விதிக்கு ஒரு மாதத்துக்குள் புதிதாகப் பாலினத் தாக்கக் குறிப்பு எழுத வேண்டும். 'இல்லை' என்றால் பழைய பட்டியல் அப்படியே வெளிவரும். 'உண்டு' என்றால் விதி திருத்தப்பட்டு, எல்லோரும் மறுபடி பரிசீலிக்கப்படுவார்கள். கூடவே இன்னொரு ஆணை. பாலினச் சமத்துவ அலுவலர் பொறுப்பிலிருந்து நான் விடுவிக்கப்படுகிறேன்.

பொறுப்பு, இரண்டாவது மாடிப் பிரிவு அலுவலருக்குப் போயிற்று. நாற்பது வயதுக்காரர். பெயர் எக்ஸ்பிரஸ். கோப்பின் மேல் ஈ உட்காரக்கூட நேரம் கொடுக்க மாட்டார். ஆணாயிற்றே என்று யாரோ கேட்டதற்கு, "சமத்துவம்னா எல்லாருக்கும்தானே?" என்று இயக்குநர் சொன்னாராம். ஒப்படைப்புப் பட்டியலில் கையெழுத்துப் போட்டேன். பதிவேடு ஒன்று, பயிற்சி ஃபைல் ஒன்று, ரப்பர் முத்திரை ஒன்று, மை அட்டை ஒன்று.

மோட்டாரம்மாவுக்கு போன் செய்து சொன்னேன். பின்னால் மோட்டார் இரைச்சல். கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"புதுசா எழுதப் போறது நீங்களா மேடம்?"

"இல்லம்மா. வேற ஒருத்தர்."

"அவர் படிப்பாரா?"

இரைச்சலில் காது கேட்காத மாதிரி, "என்ன?" என்றேன். அவள் திரும்பக் கேட்கவில்லை. "சரிங்க மேடம், இங்க வால்வு பாக்கணும்" என்று வைத்துவிட்டாள். நன்றி சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்? நான் போட்ட முடிச்சில் ஒரு நூலை இழுத்திருக்கிறேன், அவ்வளவுதானே.

*

மூன்று வாரம் கழித்து எனக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தது. காலையில் வந்ததும் வராததுமாகக் கவரைப் பிரித்தேன். மூன்று குற்றச்சாட்டு. கடமை தவறியது, துறைக்கு அவப்பெயர் உண்டாக்கியது, துறை விதிகளின் செல்லுபடியைக் கேள்விக்குள்ளாக்கியது. பதினைந்து நாளுக்குள் பதில் தர வேண்டும். இதெல்லாம் எதிர்பார்த்ததுதான். படித்துக்கொண்டே வந்து கடைசிப் பக்கத்தின் அடிக்குப் போனேன்.

எந்த ஆணை போட்டாலும் குறிப்பு வேண்டும் என்று சொன்னேன் அல்லவா? இதற்கும் வேண்டும். இருந்தது. நீல மையில், கோணாமல். பாலினத் தாக்கம்: இல்லை. 'லை'யில் ஒரு ஓரம் உடைந்திருந்தது.

முதலில் சிரிப்புத்தான் வந்தது. பக்கத்து மேஜைக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தேன். பொம்பளை விஷயம் என்று என் தலையில் கட்டிய வேலை, அதற்காக எனக்கே மெமோ, அந்த மெமோவில் என் முத்திரை. பிறகுதான் பயம் வந்தது. எனக்காக இல்லை. இதைக் குத்தியவர் கையில்தானே ஒன்பதாம் விதியும் இருக்கிறது?

சாப்பாட்டுப் பையைக்கூட வைக்காமல், தோளில் மாட்டியபடியே இரண்டாவது மாடிக்கு இறங்கினேன்.

எக்ஸ்பிரஸ் மும்முரமாக இருந்தார். இடது கையால் கோப்பைத் திறப்பது, வலது கையால் குத்துவது, சுருக்கொப்பம், மூடுவது. எனக்கு மிகவும் பழகிய தாளம். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். மரியாதை தெரிந்தவர்.

"வாங்க மேடம். உங்களுக்கு ஏதோ மெமோவாமே? ரொம்ப வருத்தமா இருந்துச்சு."

"அதுல குத்தினது நீங்கதான்."

அவர் முகம் வெளுத்தது. "நானா? ஐயோ, உங்களுதுன்னு தெரியாது மேடம். கட்டுக் கட்டா வருது. இன்னிக்கு மட்டும் நாப்பத்திமூணு."

அவர் பொய் சொல்லவில்லை. எனக்குத் தெரியாதா? மேஜையில் மீதமிருந்த கட்டைப் பார்த்தேன். மேலிருந்து மூன்றாவது, பச்சை நாடா கட்டியது, விளிம்பு கிழிந்தது. ஆவண அறையில் என் மடியில் இருந்த கோப்பு. பார்த்தவுடன் அடையாளம் தெரிந்தது. இன்னும் இரண்டு கோப்பு, இரண்டு குத்து, அப்புறம் அதன் முறை. ஐந்து நிமிடம் தாமதமாக வந்திருந்தால் மோட்டாரம்மாவின் நாலு வருடம் போயிருக்கும்.

முத்திரையை எடுத்தேன். சாப்பாட்டுப் பையைத் திறந்து, டப்பாவுக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் நடுவில் போட்டு, ஜிப்பை இழுத்து மூடினேன்.

எக்ஸ்பிரஸ் பதறிப்போனார். "மேடம், அது கவர்மென்ட் சொத்து!"

"தெரியும். ஒப்படைச்சது நான்தானே. காணாம போச்சுன்னு எழுதுங்க. எடுத்தது யாருன்னும் எழுதுங்க. ஏற்கெனவே ஒரு மெமோ தனியா இருக்கு, அதுக்குத் துணையா இருக்கட்டும்."

"அப்ப நான் எப்படி மேடம்...?"

"கையால எழுதுங்க." பச்சை நாடாக் கோப்பை உருவி அவர் முன்னால் வைத்தேன். "மொதல்ல இது."

சண்டை போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. வயதுக்கு மரியாதை கொடுத்தாரோ, மெமோ வாங்கியவளிடம் எதற்கு வாயைக் கொடுப்பது என்று நினைத்தாரோ. பேனாவை எடுத்து, கடைசிப் பக்கத்தைத் திருப்பி, 'பாலினத் தாக்கம்:' என்று எழுதினார். அந்த இடத்தில் கை நின்றது. முத்திரையில் அந்தச் சொல் தானாகவே வந்துவிழும். பேனாவில் வராது. பேனாவைப் பிடித்தவன்தான் அதை எழுத வேண்டும்.

கோப்பைப் பின்னுக்குப் புரட்டினார். நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தேன். மின்விசிறி ஒரு பக்கம் சத்தம் போட்டுக்கொண்டு சுற்றியது. எந்த பேரிங் என்று மோட்டாரம்மா சொல்லியிருப்பாள்.

"வாலிபாலுக்கு விலக்கு இருக்கா மேடம்?" என்றார், தாளிலிருந்து தலையைத் தூக்காமல்.

"இருக்கு."

"பிரசவத்துக்கு?"

"நீங்கதானே படிக்கறீங்க."

ஒரு பக்கம் திருப்பினார். திரும்ப முன்பக்கம் வந்தார். விரலை வைத்து வரி வரியாக மேலிருந்து கீழே வந்தார்.

"எங்கயும் இல்லையே மேடம்" என்றார். குரல் மாறியிருந்தது. "இது எப்படி பாஸ் ஆச்சு?"

என் பக்கம் நிமிர்ந்தவர், கேட்ட பிறகுதான் யாரிடம் கேட்கிறோம் என்று உணர்ந்து, சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார். நானும் குனிந்துகொண்டேன்.

பிறகு அவர் எழுதினார். கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருந்தது. தலைகீழாகப் பார்த்தாலும் படிக்க முடிந்தது. உண்டு.

"காரணமும் எழுதணுமா மேடம்?"

"எழுதணும். அந்த ஆபரேட்டரைக் கேட்டுட்டு எழுதுங்க. நம்பர் என்கிட்ட இருக்கு. ரெண்டு பக்கம் வரும்."

"கலந்து பேசவும்னு திருப்பி அனுப்பிச்சாங்கன்னா?"

"அனுப்புவாங்க" என்றேன். "அப்ப என்னைக் கூப்பிடுங்க. நானும் வரேன். எந்தெந்த அறைன்னு எனக்குத் தெரியும்."

பையிலிருந்து துண்டுத்தாளை எடுத்துக் கொடுத்தேன். அவர் போனை எடுத்து எண்களை ஒவ்வொன்றாக அழுத்தினார். மறுமுனையில் மோட்டார் இரைச்சல் எனக்கே கேட்டது.

"ஹலோ, தலைமை அலுவலகத்துலேருந்து பேசறேம்மா" என்று அவரும் கத்த வேண்டியிருந்தது. "உங்க ஃபைலைப் படிச்சிட்டிருக்கேன்."